கடுமையான மலேரியாவில் ரத்த ஓட்டத்துக்கு என்ன ஆகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மலேரியா ஸ்லைடு பார்ப்பது பல வருடங்களாக என் வேலை. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்று உறவினர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். “கிருமி கொஞ்சம்தான் இருக்குன்னு போட்டிருக்கீங்க, ஆனா ஆள் பேச்சுமூச்சு இல்லாம கிடக்கிறாரே” என்பதுதான் அதில் அதிகம் கேட்டது. அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். காய்ச்சலோடு மயக்கம், வலிப்பு, மூச்சு வாங்குதல் இருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

1. மலேரியான்னா குளிர் காய்ச்சல்தானே? அதுக்கும் ரத்த ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

மலேரியா ஒட்டுண்ணி குடியிருப்பதே ரத்தச் சிவப்பணுவுக்குள்தான். கொசு கடித்ததும் முதலில் கல்லீரலுக்குப் போய்ப் பெருகும். அப்புறம் ரத்தத்தில் இறங்கி, ஒவ்வொன்றும் ஒரு சிவப்பணுவுக்குள் நுழையும். ஃபால்சிபாரம் என்ற வகை சுமார் 48 மணி நேரம் உள்ளேயே வளர்ந்து, பதினாறு முதல் முப்பது குஞ்சுகள் வரை பொரித்து, அணுவை வெடித்துக்கொண்டு வெளியே வரும். அந்த வெடிப்புதான் நமக்குக் குளிராகவும் காய்ச்சலாகவும் தெரிகிறது.

சிவப்பணுவின் வேலை உடம்பின் மிகக் குறுகிய குழாய்களுக்குள் நுழைந்து ஆக்சிஜனைக் கொடுப்பது. அந்த அணுவையே ஒருவன் பிடித்துக்கொண்டு தன் வசதிக்கு மாற்றி அமைத்தால் ஓட்டம் கெடாமல் என்ன செய்யும்?

2. எல்லா மலேரியாவும் இவ்வளவு ஆபத்தா?

இல்லை. மனிதருக்கு நோய் தருபவை முக்கியமாக ஐந்து வகை. ரத்தக்குழாயை அடைப்பதில் முதலிடம் ஃபால்சிபாரத்துக்குத்தான். விவாக்ஸிலும் சிலருக்கு நிலைமை மோசமாகும், ஆனால் இந்த அளவுக்கு அடைப்பு ஏற்படுவதில்லை. குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி வகை 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று பெருகுவதால் வேகமாக முற்றும்.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2023-இல் மலேரியா வந்தவர்கள் சுமார் 26 கோடியே 30 லட்சம் பேர், இறந்தவர்கள் 5,97,000 பேர். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். ஃபால்சிபாரம்தான் அந்த மரணங்களில் மிகப் பெரும்பான்மைக்குக் காரணம். இனி இந்தப் பக்கத்தில் மலேரியா என்று சொல்லும்போதெல்லாம் அதையே சொல்கிறேன்.

3. “சிவப்பணு ஒட்டிக்குது”ன்னு டாக்டர் சொன்னார். எதுல ஒட்டுது? எப்படி?

ஒரு சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நுண்குழாய்களில் பல இதைவிடக் குறுகலானவை, 5 அல்லது 6 மைக்ரான்தான் இருக்கும். ஆரோக்கியமான அணு மாவு உருண்டை மாதிரி வளைந்து, மடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிடும்.

ஒட்டுண்ணி உள்ளே புகுந்து ஏறக்குறைய ஒரு நாள் ஆனதும் அந்த அணுவின் மேல்தோலில் சின்னச் சின்ன முண்டுகள் கிளம்பும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் பலாப்பழத்தோல் மாதிரி இருக்கும். ஒட்டுண்ணி தயாரித்து வெளியே அனுப்பிய ஒரு புரதம் அந்த முண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கும். அதன் பெயர் பிஎஃப்இஎம்பி1. ரத்தக்குழாயின் உள்சுவரில் இருக்கும் சிடி36, ஐகேம்1, ஈபிசிஆர் போன்ற கொக்கிகளை அது பற்றிக்கொள்ளும். நுண்குழாய்களிலும், அவற்றை அடுத்து வரும் சிறு சிரைகளிலும்தான் இது நடக்கிறது. மூளை, குடல், சிறுநீரகம், நுரையீரல், தோலடிக் கொழுப்பு என எங்கு வேண்டுமானாலும் ஒட்டும். எந்த உறுப்பில் அதிகம் ஒட்டியது என்பதைப் பொறுத்து நோயாளியின் நிலை மாறும்.

4. ஒட்டிக்கிறதால அந்தக் கிருமிக்கு என்ன லாபம்?

மண்ணீரலிடம் மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கிறது. மண்ணீரலுக்குள் ரத்தம் ஒன்றிரண்டு மைக்ரான் அகலமே உள்ள இடுக்குகள் வழியாகப் பிதுங்கி வர வேண்டும். வளையாத, விறைத்த அணு அங்கே சிக்கும், சிக்கியதை மண்ணீரல் அழித்துவிடும். வளர்ந்த ஒட்டுண்ணி உள்ள அணு நன்றாக விறைத்துப்போய் இருக்கும். சுற்றி வந்தால் பிடிபடும் என்பதால் ஓரமாக ஒட்டிக்கொண்டு மீதி நாளைக் கழிக்கிறது.

அந்த ஒட்டும் புரதத்துக்கு ஒட்டுண்ணியிடம் ஏறக்குறைய 60 மரபணுக்கள் இருக்கின்றன. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் பயன்படுத்தும். நம் எதிர்ப்புச் சக்தி அதை அடையாளம் கண்டுகொண்டால் வேறொன்றுக்கு மாறிவிடும். மலேரியா திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. ரிப்போர்ட்ல கிருமி கம்மின்னுதான் இருக்கு. அப்புறம் எதுக்கு ஐசியூ?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன்.

விரலில் குத்தி எடுக்கும் ஒரு துளியில் வருவது ஓடிக்கொண்டிருக்கும் ரத்தம் மட்டும்தான். மேலே 3-இல் சொன்னபடி வளர்ந்த ஒட்டுண்ணிகள் குழாய்ச் சுவரில் ஒட்டிக் கிடக்கின்றன. அவை துளியில் வராது. நான் லென்ஸ் வழியாகப் பார்ப்பதெல்லாம் இளசுகள்தான். மெல்லிய நீல வளையம், அதில் சிவப்பாக ஒரு புள்ளி, கல் பதித்த மோதிரம் மாதிரி. அவற்றைத்தான் எண்ணி எழுதுகிறேன். ஒட்டிக் கிடப்பது அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். ஒரே அளவு எண்ணிக்கை வந்த இரண்டு பேரில் ஒருவர் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுவதும் இன்னொருவர் நினைவில்லாமல் கிடப்பதும் இதனால்தான்.

எண்ணிக்கையின் அளவையும் யோசித்துப் பாருங்கள். பெரியவர் ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 25 லட்சம் கோடி சிவப்பணுக்கள் இருக்கின்றன. “ஒரு சதவீதம்தான்” என்று கேட்க ஆறுதலாக இருக்கலாம். ஆனால் அது 25,000 கோடி ஒட்டுண்ணிகள், அதுவும் ஓடிக்கொண்டிருப்பவை மட்டும்.

அதனால் எண்ணிக்கையோடு நிறுத்துவதில்லை. வெளி ரத்தத்திலேயே முற்றிய ஒட்டுண்ணிகள் நிறையத் தென்படுகின்றனவா, வெள்ளையணுக்களுக்குள் பழுப்புக் கறுப்பாக மலேரியா நிறமி தெரிகிறதா என்றும் தேடுவோம். அந்த நிறமி, உள்ளே நிறைய அணுக்கள் வெடித்து முடிந்ததற்கு அடையாளம். நிறமி அதிகம் தெரிந்தால் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் வார்டுக்கு உடனே ஃபோன் செய்து சொல்லிவிடுவேன். ஆராய்ச்சிகளில், ஒட்டுண்ணி வெளியே விடும் எச்ஆர்பி2 என்ற புரதத்தை ரத்த நீரில் அளந்து, ஒட்டிக் கிடப்பதையும் சேர்த்து மொத்தச் சுமையைக் கணக்கிடுகிறார்கள்.

6. கிருமி இருக்கிற அணு மட்டும்தான் அடைக்குதா? மத்த ரத்தம் நல்லாத்தானே இருக்கும்?

அப்படி இருந்தால் பரவாயில்லை. கடுமையான மலேரியாவில் ஒட்டுண்ணி இல்லாத சிவப்பணுக்களும் நெகிழ்வை இழந்து விறைக்கின்றன. ஏற்கெனவே பாதி அடைத்த குழாய்க்குள் இந்த விறைத்த அணுக்களும் நுழைய முட்டுகின்றன. இப்படி விறைப்பது எவ்வளவு அதிகமோ, பிழைப்பது அவ்வளவு கடினம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அதோடு, ஒட்டுண்ணி உள்ள அணுவைச் சுற்றி நல்ல அணுக்கள் இதழ் இதழாக ஒட்டிக்கொண்டு பூ மாதிரி ஆவதும் உண்டு. பிளேட்லெட்டுகள் நடுவில் நின்று பல அணுக்களைக் கட்டியாக இணைப்பதும் உண்டு.

இன்னொன்று நைட்ரிக் ஆக்சைடு. ரத்தக்குழாயை விரிய வைக்க உடம்பு இந்த வாயுவைத் தயாரிக்கும். சிவப்பணு வெடிக்கும்போது வெளியே சிந்தும் ஹீமோகுளோபின் அதை உறிஞ்சி வீணாக்கிவிடுகிறது. குழாய் விரிய வேண்டிய நேரத்தில் விரிய முடிவதில்லை. உள்சுவரும் வீங்கிக் கசிய ஆரம்பிக்கிறது.

7. அப்ப ரத்தம் உறைஞ்சு கட்டியாயிடுதா? ஹார்ட் அட்டாக்குக்குக் கொடுக்கிற மாதிரி ரத்தம் இளக்குற மருந்து கொடுக்கக் கூடாதா?

மாரடைப்பில் பெரிய குழாய் ஒன்றில் ரத்தம் உறைந்து கட்டி அடைக்கிறது. இங்கே எண்ணற்ற நுண்குழாய்களில் அணுக்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. உறைதலும் ஓரளவு கலந்திருக்கும், ஆனால் அடைப்பின் பெரும்பகுதி அணுக்களே. அடைப்பு திட்டுத்திட்டாக இருக்கும். ஒரு நுண்குழாய் முழுக்க நின்றுபோயிருக்க, பக்கத்திலேயே இன்னொன்றில் ரத்தம் வழக்கத்தைவிட வேகமாகப் பாயும்.

ஹெப்பாரின் மாதிரி மருந்துகளை இதற்காகக் கொடுப்பதில்லை. மலேரியாவில் பிளேட்லெட் ஏற்கெனவே இறங்கியிருக்கும், ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம்தான் கூடும். வீட்டில் நீங்களாக ஆஸ்பிரின் கொடுப்பதும் வேண்டாம்.

8. இந்த அடைப்பை யாராவது கண்ணால பார்த்திருக்காங்களா, இல்ல ஊகம்தானா?

பார்த்திருக்கிறார்கள். பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லாவரான் 1880-இல் அல்ஜீரியாவில் ஒட்டுண்ணியை ரத்தத்தில் கண்டுபிடித்தார். அடுத்த பதினைந்து வருடங்களுக்குள்ளேயே இத்தாலியில் மார்க்கியாஃபாவா, பின்யாமி என்ற இரண்டு மருத்துவர்கள், இறந்தவர்களின் மூளை நுண்குழாய்கள் ஒட்டுண்ணி அணுக்களால் நிரம்பியிருப்பதை எழுதிவைத்தார்கள். ஆனால் அது இறந்த பிறகு பார்த்தது. உயிரோடு இருக்கும்போதும் இப்படித்தானா என்ற கேள்வி நெடுநாள் இருந்தது.

அதற்குக் கண் பதில் சொன்னது. விழித்திரை மூளையின் நீட்சிதான். அதன் ரத்தக்குழாய்களை வெளியிலிருந்தே கருவி வைத்துப் பார்க்கலாம். மலாவி நாட்டில் மூளை மலேரியா, அதாவது நினைவு தப்பும் அளவுக்கு முற்றிய மலேரியா, வந்த குழந்தைகளின் விழித்திரையை மருத்துவர்கள் வருடக்கணக்கில் பார்த்துப் பதிவு செய்தார்கள். ரத்தம் போகாத இடங்கள் வெளுத்திருக்கும், சில குழாய்கள் சிவப்பு நிறம் இழந்து ஆரஞ்சாகவோ வெள்ளையாகவோ தெரியும், நடுவில் வெண்மையோடு சிறு ரத்தக்கசிவுகள் இருக்கும். ஒட்டுண்ணிகள் தாங்கள் குடியிருக்கும் அணுக்களின் ஹீமோகுளோபினைத் தின்று தீர்த்துவிட்டதால் குழாயே நிறம் மங்கியிருக்கிறது.

2008-இல் வெளியான இன்னொரு ஆய்வு வங்கதேசத்தில் நடந்தது. மலக்குடலின் உள்தோலில் சிறு ஒளிக்கருவியை வைத்து நுண்குழாய்களில் ரத்தம் ஓடுவதை நேரடியாகப் படமெடுத்தார்கள். எவ்வளவு குழாய்கள் அடைத்திருந்தனவோ அந்த அளவுக்கு நோயின் கடுமையும் இருந்தது. எனக்கு மிகவும் நெருக்கமான ஆய்வு இது. ஸ்லைடில் நான் பார்க்க முடியாததை அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

9. பிபி நார்மல்னு சொல்றாங்க. பிறகு ரத்த ஓட்டம் குறைஞ்சிருக்குன்னு எப்படிச் சொல்றாங்க?

பிபி கருவி பெரிய குழாயில் உள்ள அழுத்தத்தைத்தான் அளக்கிறது. நெடுஞ்சாலையில் வண்டிகள் சீராகப் போய்க்கொண்டிருக்கும், ஆனால் ஒவ்வொரு தெருவின் முனையும் அடைத்திருக்கும். மலேரியாவில் பெரும்பாலும் நிலைமை இதுதான். இதயம் நன்றாகவே அடிக்கும், பிபியும் இருக்கும், திசுக்களுக்கு மட்டும் ஆக்சிஜன் போய்ச் சேராது.

இதைக் காட்டிக்கொடுப்பது லாக்டேட். ஆக்சிஜன் கிடைக்காத திசு சர்க்கரையை அரைகுறையாக எரித்து லாக்டேட்டை வெளியே தள்ளும். ஒட்டுண்ணியும் தன் பங்குக்குச் சர்க்கரையைத் தின்று லாக்டேட்டை வெளியேற்றும். அதைச் சுத்தம் செய்ய வேண்டிய கல்லீரலும் தளர்ந்திருக்கும். லிட்டருக்கு 5 மில்லிமோலைத் தொட்டால் கடுமையான மலேரியா என்று கணக்கு. ரத்தம் அமிலமாகும்போது உடம்பு அதை ஈடுகட்ட ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கும். நெஞ்சில் சளி எதுவும் இல்லாமல் குழந்தை இப்படி மூச்சு வாங்கினால் அது மிகவும் மோசமான அறிகுறி.

10. நினைவு தப்பிடுச்சு. கிருமி மூளைக்குள்ள போயிடுச்சா? மூளை செத்துப்போச்சா?

ஒட்டுண்ணி மூளைத் திசுவுக்குள் நுழைவதில்லை. அது சிவப்பணுவுக்குள்ளும், சிவப்பணு ரத்தக்குழாய்க்குள்ளும்தான் இருக்கின்றன. ஆனால் குழாயின் உள்சுவர் பழுதாகி நீர் கசிவதால் மூளை வீங்கும். மலாவியில் குழந்தைகளுக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், இறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது. பிழைத்த குழந்தைகளில் வீக்கம் வந்தவர்களுக்கு அது வேகமாக வடிந்திருந்தது.

பக்கவாதத்தில் ரத்தம் போகாத மூளைப்பகுதி இறந்துவிடும். இங்கே ஆழ்ந்த மயக்கத்தில் கிடந்தவர் இரண்டு மூன்று நாளில் கண் திறந்து பெயர் சொல்வதைப் பார்க்கிறோம். அடைப்பு முழுமையாக இல்லாமல் விட்டுவிட்டு இருப்பதும், மூளை முழுதாகச் சாகாமல் முடங்கி மட்டும் கிடப்பதும் அதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சிகிச்சை கொடுத்தும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறக்கிறார். பிழைத்த குழந்தைகளில் சிலருக்கு வலிப்பு, பேச்சுத் தடுமாற்றம், படிப்பில் பின்னடைவு தங்கிவிடுகின்றன.

மயக்கத்துக்கு இன்னொரு காரணம் சுகர் இறங்குவது. 40-க்குக் கீழே போனால் அதுவே நினைவைத் தப்ப வைக்கும். அதனால்தான் நர்ஸ் மணிக்கணக்கில் விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

11. கிட்னி, நுரையீரல்னு ஒவ்வொண்ணா சொல்றாங்களே?

காரணம் எல்லாவற்றுக்கும் மேலே 3-இலும் 6-இலும் சொன்னதுதான். சிறுநீரகத்தில் அடைப்போடு, சிந்திய ஹீமோகுளோபினும் வடிகுழாய்களைக் கெடுக்கும். பெரியவர்களுக்கு இது அதிகம், சிலருக்குச் சில நாள் டயாலிசிஸ் தேவைப்படும். நுரையீரல் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. மருந்து ஆரம்பித்து, கிருமி குறைந்த பிறகும்கூட அங்கே நீர் கோத்துக்கொள்ளலாம்.

12. அடைச்சிருக்குன்னா நிறைய டிரிப்ஸ் ஏத்தித் தள்ளிவிடலாமே?

கேட்கச் சரியாகத்தான் தோன்றும். மருத்துவர்களும் அப்படி நினைத்துத்தான் செய்தார்கள். உகாண்டா, கென்யா, தான்சானியாவில் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றிய 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. அவர்களில் பாதிக்கு மேல் மலேரியா இருந்தது. வேகமாக டிரிப்ஸ் ஏற்றிய குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகமாக இறந்தார்கள். பலரையும் உலுக்கிய முடிவு அது.

ஒட்டியிருக்கும் அணுவைத் தண்ணீர் தள்ளிவிடாது. ஏற்றிய தண்ணீர் கசியும் குழாய்கள் வழியாக நுரையீரலில் சேரும், மூளையின் வீக்கத்தையும் கூட்டலாம். “பாட்டிலை ஏன் இவ்வளவு மெதுவா விடறாங்க” என்று யாராவது சண்டை போட்டால் இதைச் சொல்லுங்கள்.

13. பிறகு எதுதான் அடைப்பை எடுக்கும்?

ஊசியில் போடும் ஆர்ட்டிசுனேட். அது ஏற்கெனவே ஒட்டியதைப் பிய்த்து எடுப்பதில்லை. ஸ்லைடில் நான் பார்க்கும் அந்த இளம் மோதிரங்களை, அவை முற்றி ஒட்டப்போகும் முன்பே கொன்றுவிடுகிறது. புதிதாக ஒட்டுவது நின்றாலே, ஒட்டியவை மெல்ல அழிந்து பாதை திறக்கும். பழைய மருந்தான குயினைன் முற்றிய ஒட்டுண்ணிகள் மேல்தான் நன்றாக வேலை செய்யும், இளசுகளை விட்டுவிடும்.

இந்த ஒரு வித்தியாசம் உயிரிழப்பில் தெரிந்தது. ஆசிய நாடுகளில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில் குயினைன் போட்டவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் போட்டவர்களில் 15 சதவீதம். ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் 2010-இல் அதே கணக்கு 10.9-க்கு 8.5. முதல் ஊசி, 12 மணி நேரத்தில் ஒன்று, 24-இல் ஒன்று, அப்புறம் தினம் ஒன்று. நோயாளி விழுங்கும் நிலைக்கு வந்ததும் மூன்று நாள் கூட்டு மாத்திரை முழுதாகச் சாப்பிட வேண்டும். காய்ச்சல் விட்டதென்று அதைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

14. ஸ்டீராய்டு போட்டா வீக்கம் குறையாதா? ரத்தத்தையே மொத்தமா மாத்தினா?

ஸ்டீராய்டை மூளை மலேரியாவில் சோதித்து 1982-லேயே முடிவு வந்துவிட்டது. மயக்கம் தெளிய கூடுதல் நேரம் ஆனது, சிக்கல்களும் கூடின. போடுவதில்லை.

ரத்தத்தை மாற்றும் முறையைப் பல வருடம் செய்து பார்த்தார்கள். உயிர் பிழைப்பதில் பலன் இருப்பதாக நிரூபணம் ஆகவில்லை. எடுக்கும் ரத்தத்தில் வருவதும் ஓடுகிற அணுக்கள்தான், ஒட்டியவை உள்ளேயே இருக்கும். ஹீமோகுளோபின் மிகவும் இறங்கியவருக்கு ரத்தம் ஏற்றுவது வேறு விஷயம், அது அவசியமான சிகிச்சை.

15. ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு வந்தது. ஒருத்தருக்கு மட்டும் ஏன் இவ்வளவு மோசமாச்சு?

பிறவியிலேயே சிலருக்குப் பாதுகாப்பு உண்டு. சிவப்பணுவை அரிவாள் மாதிரி வளைக்கும் அரிவாள் செல் மரபணு, தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்து ஒன்றே ஒன்று இருப்பவரின் சிவப்பணுவில் 3-இல் சொன்ன முண்டுகள் ஒழுங்காக அமைவதில்லை, ஒட்டும் பிடியும் தளர்வு. ஓ குரூப்காரர்களுக்கு 6-இல் சொன்ன பூ மாதிரிக் கட்டிகள் வலுவாக உருவாவதில்லை. சின்ன வயதிலிருந்து பலமுறை மலேரியா வந்து தேறியவருக்கு அந்தப் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்புச் சக்தி சேர்ந்திருக்கும்.

இதில் ஒரு விதிவிலக்கு, முதல் கர்ப்பம். நஞ்சுக்கொடியில் மட்டுமே ஒட்டும் தனிவகைப் புரதம் ஒன்று ஒட்டுண்ணியிடம் உண்டு. அதற்கு எதிர்ப்புச் சக்தி அதுவரை உருவாகியிருக்க வாய்ப்பே இல்லை. எத்தனை மலேரியாவைப் பார்த்தவராக இருந்தாலும் முதல் கர்ப்பத்தில் ஆபத்து அதிகம், குழந்தைக்குப் போகும் ஊட்டமும் குறையும்.

16. ஊசி போட்ட அடுத்த நாள் கிருமி கூடியிருக்குன்னு ரிப்போர்ட் வந்தது. மருந்து கேக்கலையா?

உடனே அந்த முடிவுக்கு வர வேண்டாம். ஒட்டிக் கிடந்த ஒரு கூட்டம் அந்த நேரத்தில் வெடித்தால் புது இளசுகள் ஒரேயடியாக வெளியே வரும், எண்ணிக்கை ஏறும். முதல் 12 முதல் 24 மணி நேரத்தில் இது நடக்கக்கூடியதுதான். அதற்கு அப்புறமும் குறையாமல், மூன்றாம் நாளும் நிறைய இருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிப்பார்கள். அதனால்தான் ஒரே ஸ்லைடோடு விடாமல் திரும்பத் திரும்ப எடுக்கிறோம்.

17. ஸ்லைடு நெகட்டிவ், வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பத்து நாள் கழிச்சு முகம் வெளுத்து, மூச்சு வாங்குது. திரும்ப மலேரியாவா?

திரும்பவும் வந்திருக்கலாம், ஸ்லைடு எடுத்துப் பார்த்துவிட வேண்டும். ஆனால் ஆர்ட்டிசுனேட் ஊசிக்குப் பிறகு கிருமியே இல்லாமல் ரத்தம் மட்டும் குறைவதும் உண்டு. ஊசி போட்டு ஒரு வாரம் ஆன பிறகு இது தொடங்கும். மருந்து ஒட்டுண்ணியைக் கொன்றதும் மண்ணீரல் அந்த அணுவை அழிக்காமல், உள்ளே செத்துக் கிடப்பதை மட்டும் பிடுங்கி எடுத்துவிட்டு அணுவைத் திரும்ப ஓட்டத்தில் விட்டுவிடுகிறது. பழத்தை வைத்துக்கொண்டு கொட்டையை மட்டும் எடுப்பது மாதிரி. அப்படித் திரும்பி வந்த அணு வழக்கமான 120 நாள் வாழாது. எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உடையும்போது ஹீமோகுளோபின் சடாரென்று இறங்கும், சிறுநீர் கறுத்துப் போகலாம். ஆரம்பத்தில் கிருமி மிக அதிகமாக இருந்தவர்களுக்கு இது வர வாய்ப்பு கூடுதல்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு நான்கு வாரம், வாரத்துக்கு ஒரு முறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். நடுவில் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, படி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் அன்றே வந்து ரத்தம் கொடுங்கள். வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டையும் கொண்டு வாருங்கள், ஊசி எந்தத் தேதியில் போட்டார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கும்.